இரண்டு போனுக்கும் ஒரே அமைப்பு

இருபத்தொன்பது மணி நேரம், நாற்பத்தொரு நிமிடம். கடந்த ஏழு நாட்களில் மகள் போனைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. அமைப்புகளுக்குள் போய், அதற்குள் இன்னொன்றுக்குள் போய், கடைசியில் அந்த எண்ணைக் கண்டுபிடித்தபோது அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. ஏழால் வகுத்தாள். ஒரு நாளைக்கு நான்கு மணி பதினான்கு நிமிடம்.

"அதுல ஹோம்வொர்க் பார்த்ததும் சேர்ந்திருக்கும்மா," என்றாள் மகள்.

"ஹோம்வொர்க் ஒரு மணி எட்டு நிமிஷம். தனியா போட்டிருக்கு."

மகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பன்னிரண்டு வயது. வீட்டில் வாலு என்று கூப்பிட்டால்தான் திரும்புவாள். பள்ளிப் பதிவேட்டில் இருக்கும் பெயரை யாராவது சொன்னால் ஏதோ வம்பு வந்திருக்கிறது என்று அர்த்தம். போன புதன்கிழமை அப்படித்தான் வந்தது. காலை பதினொன்றேகாலுக்கு வகுப்பு ஆசிரியை அம்மாவுக்குப் போன் செய்து, முழுப் பெயரையும் சொல்லி, உங்கள் மகள் கணக்கு வகுப்பில் மேஜைமேல் கவிழ்ந்து தூங்கிவிட்டாள் என்றார். எழுப்பியதற்குக் கண்ணைத் திறக்காமலே, "இன்னும் அஞ்சு நிமிஷம்மா" என்று அவரிடமே கேட்டாளாம்.

அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, வீட்டிலிருந்த மூன்று போன்களையும் வரிசையாக வைத்து, பள்ளியில் சொன்ன ஆப்பை அம்மா இறக்கிக்கொண்டிருந்தாள். பிள்ளை போனில் என்ன பார்க்கிறது, எவ்வளவு நேரம் பார்க்கிறது, எங்கே இருந்து பார்க்கிறது என்று பெற்றோருக்குச் சொல்கிற ஆப். 'ஒப்புக்கொள்கிறேன்' என்பதை அழுத்துவதற்கு முன்னால், அதற்கு மேலே இருக்கும் ஒன்பது பக்கத்தை உண்மையாகவே படிக்கிற ஆட்கள் உலகத்தில் எத்தனை பேரோ, அவர்களில் அவள் ஒருத்தி.

அவள் ரத்தப் பரிசோதனை லேபில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறாள். அங்கே அவளுக்குத் தராசு என்று பெயர். யாரும் அவளைக் கேலி செய்ய வைத்த பெயர் இல்லை. சந்தேகம் வந்தால் அவளிடம் கொண்டுபோய் வைப்பார்கள்.

கணவர் சோபாவில் சாய்ந்திருந்தார். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, காலடியில் தனக்கென்று ஒரு பிரேக் வைத்துக்கொண்டு, பத்தொன்பது வருடமாக ஓட்டத் தெரியாதவர்களை ஓட்டவிட்டு முழு உடம்போடு வீடு திரும்புகிறவர். அதனால் சட்டென்று எதற்கும் பதறமாட்டார்.

"எல்லாத்தையும் பிடுங்கிடாதே," என்றார். "ரெண்டாவது பிரேக் மாதிரி இருக்கணும். அவளே ஓட்டட்டும். நாம சும்மா கால வெச்சுக்கலாம்."

"நீங்க கால வெச்சுக்கிட்டே தூங்குவீங்க."

"தூங்கினாலும் நேரத்துக்கு அழுத்தும். அதான் தொழில்."

வாலு நாற்காலியில் முழங்காலிட்டு மேஜைமேல் கவிழ்ந்தாள். "இந்த ஆப்பெல்லாம் தப்பா காட்டும்மா. என் ஃப்ரெண்டோட அக்காவுக்கு ஒரே நாள்ல ஒன்பது மணி நேரம்னு காட்டிச்சாம். அன்னிக்கு அவ போனையே தொடலையாம்."

"யார் சொன்னா?"

"அவதான்."

கணவர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. யோசித்தாள். சொன்ன ஆள் யாராக இருந்தாலும், கேட்ட கேள்வி நியாயம்.

லேபில் காலையில் மெஷினைப் போட்டதும் நோயாளியின் ரத்தத்தை வைத்துவிடமாட்டார்கள். அளவு என்ன என்று முன்பே தெரிந்த ஒரு சின்னக் குப்பியை முதலில் ஓட்டுவார்கள். அதற்குக் கண்ட்ரோல் என்று பெயர். அதை மெஷின் சரியாகச் சொன்னால்தான் மற்றதை அது சொல்வதை நம்பலாம். தப்பாகச் சொன்னால் அன்றைக்கு அதில் ஓடிய எந்த ரிப்போர்ட்டும் செல்லாது. இதை வாலுவுக்குப் பருப்பு அளக்கும் டம்ளரை உதாரணம் காட்டி ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

"சரி, கண்ட்ரோல் வெச்சுக்கலாம்," என்றாள். "என் போனையும் இதுல சேர்க்கறேன். நான் என்ன பண்றேன்னு எனக்குத் தெரியும். என்னோடதச் சரியா காட்டினா உன்னோடதும் சரி. தப்பா காட்டினா ஆப்பைத் தூக்கிடலாம்."

"நிஜமாவா?"

"லேப்ல அதான் ரூல்."

வாலு பேரம் பேசத் தெரிந்தவள். "அப்ப ரிப்போர்ட் எனக்கும் வரணும். ரெண்டு பேரோடதும்."

"வரட்டும்."

அப்படிச் செய்ததில், பெற்றோர் என்ற இடத்தில் வைக்கக் கணவரின் போன் மட்டும்தான் மிஞ்சியது. திரையில் மேலே அவருடைய வட்டப் படம். கீழே பிள்ளைகள் என்ற தலைப்பில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் வாலு. இன்னொன்றில் பெயர் கேட்டபோது அம்மா 'சோதனைப் போன்' என்று அடித்தாள். கணவர் எழுந்து வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இந்த வீட்டுக்கு நான்தான் பெரியவன்னு இன்னிக்குத்தான் எழுத்துல வந்திருக்கு. இத ஃப்ரேம் போட்டு மாட்டணும்."

"மாட்டுங்க. ஆணி அடிக்கத் தெரிஞ்சா."

வாலுவின் கட்டத்தில் ஒவ்வொன்றாக நிரப்பினாள். வீடியோ நாளைக்கு ஒரு மணி நேரம். இரவு பத்துக்குப் பூட்டு. புதிய ஆப் எதுவானாலும் அனுமதி கேட்கவேண்டும். இருக்குமிடம் தெரியவேண்டுமா என்று கேட்டது. கொஞ்சம் தயங்கினாள்.

"அது எதுக்கு?" என்றார் கணவர். "திருட்டுப் போன வண்டியா அவ?"

"டியூஷன் விட்டு வர்றப்ப எங்க வர்றான்னு தெரியும்ல."

ஆம் என்று வைத்தாள். எல்லாம் முடிந்ததும் திரை கடைசியாக ஒன்று கேட்டது. *இதே அமைப்பை மற்ற சாதனத்துக்கும் பயன்படுத்தவா?*

கண்ட்ரோலுக்கு ஒரு விதி உண்டு. நோயாளியின் ரத்தம் எந்த வழியில் போகிறதோ, அட்சரம் பிசகாமல் அதே வழியில் அதுவும் போகவேண்டும். அதற்கென்று ஒன்றைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. பதினான்கு வருடப் பழக்கம், விரல் யோசிக்கவில்லை. 'ஆம்' என்பதை அழுத்தியது.

"இனிமே எதுன்னாலும் வந்து சொல்லிடு," என்று வாலுவின் போனை அவள் கையில் கொடுத்தாள். "செஞ்சதுக்குத் திட்டமாட்டேன். மறைச்சாதான் திட்டுவேன்."

சொல்லி முடித்ததும் எழுந்தாள். சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள். ஜன்னல் வழியே எதிர்மாடியில் யாரோ போர்வையை உதறிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு டம்ளர் குடித்தாள்.

வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து அவளுக்கு லேபில் வேலை இல்லை. விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அது வீட்டில் யாருக்கும் தெரியாது.

---

திங்கட்கிழமை ஏழு முப்பத்தைந்துக்கு, எப்போதும் போல, சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். எப்போதும் ஏறும் பஸ். லேப் இருக்கும் நிறுத்தத்தில் இறங்காமல் அடுத்ததில் இறங்கினாள். பூங்காவில் ஒன்பது மணிவரை. பிறகு நூலகம்.

நூலகத்தில் இரண்டாவது மாடி. நாளிதழ் பகுதியில் இடம் கிடைக்காது. படிப்பவர்களைவிடத் தூங்குகிறவர்கள் அங்கே அதிகம். அவள் வரைபடங்கள் வைத்திருக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு மேஜையைப் பிடித்தாள். அந்தப் பக்கம் யாரும் வருவதில்லை. ஒரு தடித்த புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள். சாப்பாட்டு நேரத்தில் பின்படிக்கட்டில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். வழக்கமாக மூன்று பேரோடு பங்கு போட்டுச் சாப்பிடும் சாப்பாடு. தனியாகச் சாப்பிட்டால் அது அதிகமாக இருந்தது.

நடந்தது இதுதான். ரத்தம் எடுக்கும் அறையில் இரண்டு நாற்காலிகள். அந்தப் புதன்கிழமை காலை ஒன்றில் அவள், இன்னொன்றில் ரேடியோ.

ரேடியோ என்பது அவளோடு வேலை பார்க்கும் அண்ணனுக்கு லேபில் வைத்த பெயர். வாயை மூடமாட்டார். ஊசி போடுவதற்குள் நோயாளியின் பெயர், ஊர்ப்பட்ட சொந்தம், முதல்நாள் இரவு என்ன சாப்பிட்டார் என்பதுவரை வாங்கிவிடுவார். கவனக்குறைவான ஆள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் அப்படி நினைத்ததில்லை. அந்தப் பேச்சிலேயே அவர் நோயாளியின் பெயரை மூன்று முறை சொல்லவைத்துவிடுவார் என்பது அவளுக்குத் தெரியும்.

அன்று பத்தேமுக்காலிலிருந்து கூட்டம் நெரித்தது. பதினொன்றேகால் இருக்கும். தன் நாற்காலியில் ஒரு பெண்ணுக்கு ரத்தம் எடுத்து முடித்தாள். லேபிள் இன்னும் ஒட்டவில்லை. காலிக் குப்பிகள் தீரப்போக, எடுத்து வர ரேடியோ உள்ளே போயிருந்தார். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த இளைஞன் அவசரம் என்றான். சரி என்று அவனுக்கும் எடுத்தாள். எடுத்த உடனே, ஆள் நாற்காலியைவிட்டு எழுவதற்கு முன்னால், பெயரைக் கேட்டு லேபிளை ஒட்டவேண்டும். இதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவளே அவள்தான். அந்த நேரத்தில் பையில் போன் அடித்தது. ரத்தம் எடுக்கும் அறையில் போனை எடுக்கக்கூடாது. திரையில் பள்ளியின் எண் இருந்தது. எடுத்தாள். தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஆசிரியை சொன்னதைக் கேட்டுக்கொண்டே, இரண்டு குப்பிகளிலும் இரண்டு லேபிள்களை ஒட்டினாள். பெயர் கேட்கவில்லை. படிவத்தில் கையெழுத்தும் போடவில்லை.

லேபிள்கள் மாறிப்போயின. உடம்பில் ரத்தம் நிறைவாக இருந்த இளைஞனை, உடனே வந்து சேரவேண்டும் என்று மருத்துவமனை கூப்பிட்டது. ரத்தசோகையில் ரத்தம் மிகக் குறைந்திருந்த பெண், எல்லாம் நன்றாக இருக்கிறது என்ற காகிதத்தோடு வீட்டுக்குப் போனாள். மறுநாள் தன் வீட்டு மாடிப்படியில் மயங்கி விழுந்தாள். தூக்கிக்கொண்டு வந்தார்கள். ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டாள். நெற்றியில் நான்கு தையல்.

வெள்ளிக்கிழமை பெரிய டாக்டர் இருவரையும் கூப்பிட்டார். ஆளுக்கொரு தாள் கொடுத்தார். அந்த இரண்டு குப்பிகளுக்கும் லேபிள் ஒட்டியது யார்? ரேடியோ ஒரு பக்கம் முழுக்க எழுதினார். அவள் இரண்டே சொற்கள் எழுதினாள். *ஞாபகம் இல்லை.* பதினான்கு வருடத்தில் அவள் எழுதிய முதல் பொய். கையெழுத்து எப்போதும் போலவே அழகாக இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை விசாரணை. இருவரில் ஒருவர் வேலையை விட்டுப் போகவேண்டியிருக்கும். அது யார் என்பதில் லேபில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. வெளியே வரும்போது டாக்டர் அவள் தோளைத் தட்டி, "உனக்கு இது வெறும் ஃபார்மாலிட்டிம்மா" என்றார்.

வீட்டில் சொல்லலாம் என்று ஒவ்வொரு மாலையும் படியேறும்போது நினைத்தாள். சொன்னால் அந்த நேரத்தில் போன் செய்தது யார் என்று கேட்பார்கள். பள்ளியிலிருந்து என்று சொன்னால் வாலு அந்தப் பழியைத் தூக்கிச் சுமப்பாள். அதனால்தான் சொல்லவில்லை என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டாள். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதிக்கு அவள் பெயரே காரணம். தராசு என்று பெயர் எடுத்துவிட்டுத் தட்டு சாய்ந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது?

ராத்திரி பத்து அடித்ததும் அவள் போனும் பூட்டிக்கொண்டது. *இன்றைய நேரம் முடிந்தது. நல்ல பிள்ளையாகத் தூங்கு!* என்று ஒரு நிலாப் படம் வந்தது.

"தூங்கு, தூங்கு," என்றாள் வாலு பக்கத்து அறையிலிருந்து. "நல்ல பிள்ளை!"

---

வியாழக்கிழமை நூலகத்தில் இருக்கும்போது போன் அதிர்ந்தது. ரேடியோ. படிக்கட்டுக்கு ஓடிவந்து எடுத்தாள்.

"தராசம்மா, சாப்டியா?"

"ஆச்சுண்ணா. நீங்க?"

"எனக்கென்ன, வீட்ல உட்கார்ந்து நாலு வேளை. என் வீட்டுக்காரி, வேலைக்குப் போயிடுய்யா, காது வலிக்குதுங்கறா." சிரித்தார். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. ரேடியோ பேசாமல் இருந்தால் லைன் கட்டாகிவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"அண்ணா?"

"இருக்கேம்மா. ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாதே. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. எல்லாரும் நான்தான்னு சொல்றாங்களா, கேட்டுக்கேட்டு, ஒருவேளை நாமதான் பேசிக்கிட்டே மாத்தி ஒட்டிட்டமோன்னு தோணுது. ராத்திரி கண்ண மூடினா நான் ஒட்டற மாதிரியே தெரியுது. ரெண்டு பேர் மூஞ்சியும் தெரியுது."

அவள் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"திங்கக்கிழமை நான்தான்னு சொல்லிடலாம்னு இருக்கேன்," என்றார். "சட்டுபுட்டுன்னு முடிஞ்சிடும். உனக்குச் சின்னப் பொண்ணு இருக்கு. எனக்கு வாய் இருக்கு, எங்கயாவது பொழைச்சுக்குவேன். என்ன சொல்றே?"

சொல்லவேண்டியது நாக்கு நுனிவரை வந்தது. அங்கேயே நின்றது.

"அவசரப்படாதீங்கண்ணா," என்றாள்.

"நீ சொன்னா சரி. நீ யோசிக்காம எதுவும் சொல்லமாட்டே."

அவர் வைத்த பிறகும் அவள் அங்கேயே நின்றாள். துடைப்பத்தோடு வந்தவர் நகரச் சொல்லும்வரை நின்றாள். மேலே போய்ப் புத்தகத்தைப் பார்த்தபோது அது தலைகீழாகத் திறந்திருந்தது. எவ்வளவு நேரமாக அப்படி இருந்தது என்று தெரியவில்லை.

---

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. பால்கனியில் அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கீழே கணவர் பயிற்சிக் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். மாடியிலிருந்து பார்க்க அவர் தலையும், தலைமேல் சொட்டை விழ ஆரம்பித்த வட்டமும் தெரிந்தன.

"அம்மா!" வாலு உள்ளேயிருந்து பறந்து வந்தாள். கையில் போன். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "அம்மா, கண்ட்ரோல் ஃபெயில்!"

"என்னடி?"

"ரிப்போர்ட் வந்துடுச்சு. என்னோடது பதினோரு மணி நேரம். அத விடு. உன்னோடதப் பாரு. சோதனைப் போன், போன இடங்கள்." வகுப்பில் படிப்பதுபோல நிமிர்ந்து நின்று படித்தாள். "நூலகம், முப்பத்தேழு மணி இருபது நிமிஷம். பூங்கா, நாலு மணி ஐம்பது நிமிஷம். லேப்…" விரலால் மேலும் கீழும் இழுத்தாள். "லேப் லிஸ்ட்லயே இல்ல! ஆறு நாளும் நீ லேப்ல இருந்தே. இது என்னடான்னா உன்னக் கொண்டுபோய் லைப்ரரில உட்கார வெச்சிருக்கு. முப்பத்தேழு மணி நேரம்! நீ என்ன பரீட்சையா எழுதப்போறே?"

அவள் கையில் ஈரச் சட்டை இருந்தது. அதிலிருந்து தண்ணீர் காலில் சொட்டியது.

"கண்ட்ரோல் தப்புன்னா அன்னிக்கு ஓடின எதுவும் செல்லாது," என்றாள் வாலு. "ரூல் நீ சொன்னது. நான் சொல்லல."

செருப்புச் சத்தம் படியேறி வந்தது. கணவர் ஈரக் கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு வந்தார். "எனக்கும் வந்துச்சு. இந்த லட்சணத்துல பள்ளிக்கூடத்துல வேற இதச் சொல்றாங்க. ரோட்டுல போற வண்டிய ஆத்துல போகுதுன்னு காட்டற மேப் மாதிரி." போனைத் தூர வைத்து, கண்ணைச் சுருக்கி, எதையோ தேடி அழுத்தினார். "தூக்கிடவா? கேக்குது பாரு. *ஆப்பை நீக்கவா?*"

"நீக்குங்க, நீக்குங்க," என்று வாலு குதித்தாள்.

கணவரின் கட்டைவிரல் திரைக்கு மேலே நின்றது. அவர் அவளைப் பார்த்தார். வீட்டில் எதற்கும் கடைசியில் அவளைத்தான் பார்ப்பார்கள்.

'ம்' என்று சொன்னால் போதும். அதற்கு வாயைக்கூடத் திறக்கவேண்டாம். ஆப் தப்பு என்று ஆகிவிடும். வாலுவுக்குக் கொண்டாட்டம். நாளைக்கு ரேடியோ போய், நான்தான் என்று சொல்லிவிடுவார். செவ்வாய்க்கிழமை அவள் வழக்கமான நிறுத்தத்தில் இறங்குவாள். யாரும் எதையும் கேட்கமாட்டார்கள். வெள்ளிக்கிழமை அந்தத் தாளில் இரண்டு சொல் எழுதியபோதும் இப்படித்தான் சுலபமாக இருந்தது.

சரியாக வேலை செய்கிற ஒன்றை, தப்பு என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான்.

"வேண்டாம்," என்றாள். "ஆப் சரியாத்தான் காட்டுது."

"என்னது?"

"நான் லைப்ரரிலதான் இருந்தேன். ஆறு நாளும்."

வாலு குதிப்பதை நிறுத்தினாள். கணவர் போனை மெல்லப் பையில் போட்டுக்கொண்டார். கொடியில் துணி படபடத்தது.

"லேப்ல வரவேண்டாம்னு சொல்லிட்டாங்க. முந்தின வாரம் வெள்ளிக்கிழமையிலேர்ந்து. ரெண்டு பேரோட ரத்தக் குப்பில லேபிள் மாறிப்போச்சு. ஒரு பொம்பள மயங்கி விழுந்து, ரத்தம் ஏத்தித்தான் பொழைச்சா. என்னையும் ரேடியோ அண்ணனையும் நிறுத்தி வெச்சிருக்காங்க. நாளைக்கு விசாரணை."

கணவர் பால்கனியில் கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ பேர் பிரேக்குக்குப் பதிலாக வேறெதையோ மிதித்ததைப் பார்த்த முகம். அதில் கோபத்தைவிட வேறெதுவோ அதிகமாக இருந்தது.

"ஒன்பது நாள்," என்றார். "டப்பாவ எடுத்துக்கிட்டு…"

"ம்."

"நானே தினமும் மூடி போட்டுக் கொடுத்தேன்."

"இப்ப உன்ன யாரு திட்டறது?" என்றாள் வாலு. கிண்டலாக ஆரம்பித்த கேள்வி, முடியும்போது குரல் உடைந்தது. அம்மாவின் கையிலிருந்த சட்டையை வாங்கி, பிழிந்து, தானே கொடியில் போட்டாள். ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் தொங்கியது.

கணவர் தொண்டையைச் செருமினார். "சரி, விடு. இதுக்குப் போய் இப்படி மறைப்பாங்களா? நீயாவது, மாத்தி ஒட்டறதாவது! அந்த ரேடியோவாத்தான் இருக்கும். பேச்சு சுவாரஸ்யத்துல எதையாவது பண்ணியிருப்பாரு. நாளைக்கு விசாரிச்சா தெரிஞ்சிடப்போகுது. நீ ஏன் பயப்படறே?"

"ரேடியோ மாமாவா?" என்றாள் வாலு. "பாவம்ப்பா. அவர வேலையவிட்டு அனுப்பிடுவாங்களா?"

"தப்பு பண்ணினா என்ன பண்றது கண்ணு? ஒரு பொம்பளைக்கு உயிரே போயிருக்கும்."

அவள் கிளிப் டப்பாவைக் கீழே வைத்தாள். இருவரும் தன் பக்கம்தான் நிற்கிறார்கள் என்பது தெரிந்தது. எவ்வளவு நல்ல பக்கம் அது, ஆனால் அங்கே நிற்கத் தனக்கு இடம் இல்லை. உள்ளே போய்த் தன் போனை எடுத்துக்கொண்டு வந்தாள். பால்கனியிலேயே நின்று எண்ணைத் தேடினாள். சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"யாருக்கு?" என்றார் கணவர்.

"பெரிய டாக்டருக்கு."

"ஞாயித்துக்கிழமை எதுக்கு தொந்தரவு? நாளைக்குத்தான்…"

நான்காவது மணியில் டாக்டர் எடுத்தார். பின்னால் மிக்ஸி ஓடுகிற சத்தம். யாரையோ அதை நிறுத்தச் சொன்னார்.

"என்னம்மா, லீவு நாள்ல? நாளைக்குன்னு பயந்துட்டியா? நான்தான் சொன்னேனே, உனக்கு ஃபார்மாலிட்டி. பத்து நிமிஷத்துல முடிச்சிடலாம். அந்த மனுஷனும் நேத்து சாயங்காலம் பேசினாரு. ஒத்துக்கற மாதிரிதான் தெரியுது. பாவம், நல்ல மனுஷன், வாயாலதான் கெட்டாரு."

"டாக்டர்," என்றாள். "அந்தத் தாள்ல ஞாபகம் இல்லைன்னு எழுதினேன்."

"ஆமா. அதனால என்ன?"

வாலு அருகில் வந்து நின்றாள். போகச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். சொல்லவில்லை.

"ஞாபகம் இருக்கு," என்றாள். "அவர் அப்ப அறையிலயே இல்ல டாக்டர், குப்பி எடுக்க உள்ள போயிருந்தாரு. எடுக்கக்கூடாத இடத்துல போன எடுத்தது நான். பேர் கேக்காம ரெண்டு லேபிளையும் மாத்தி ஒட்டினதும் நான்தான்."